கடுகண்ணாவை இறக்கத்தில் வீரய்யாவின் கேரவன்

கட்டுகஸ்தோட்டையில் வீரய்யாவுக்கு ஆமை என்றுதான் பெயர். இருபத்தெட்டு வருடம் ஸ்டியரிங் பிடித்தவன்; ஒரு கோழிக்குஞ்சின் மேல்கூட ஏற்றியதில்லை. அவன் பாலத்தைத் தாண்டுவதற்குள் பின்னால் பத்து வண்டி ஹோர்ன் அடிக்கும். "அவசரம்னா அவங்க நேத்தே கெளம்பியிருக்கணும்ண்ணே" என்பான் என்னிடம். என் வெல்டிங் பட்டறைக்கு எதிரேதான் அவனுடைய பழைய ஜீப் நிற்கும். அவனைக் கேலி செய்தவர்களில் நான்தான் முதல் ஆள்.

அவன் மனைவி கஜலட்சுமி மூன்று தடவை குவைத்துக்குப் போய் மொத்தம் ஏழு வருடம் வீட்டு வேலை பார்த்தவள். மகள் சிந்துஜா நடக்கப் பழகியதையும் பள்ளிக்கூடம் போனதையும் கைப்பேசியில்தான் பார்த்தாள். மூன்றாவது தடவை திரும்பி வந்தபோது வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை எண்ணெய் கொட்டிய தழும்பு. எப்படி என்று அவள் சொல்லவில்லை. வீரய்யா அதைப் பார்த்துவிட்டு, "இனி நீ போக வேணாம். இங்கயே ஒரு வழி பண்ணுவோம்" என்றான். அவன் கண்ட வழிதான் கேரவன். ஜீப்பின் பின்னால் இழுத்துப்போகிற சாப்பாட்டுக் கடை. கடுகண்ணாவை இறக்கம் முடிகிற இடத்தில், லொறிக்காரர்கள் நிறுத்தி மூச்சு வாங்கும் ஒதுக்கிடத்தில் போடலாம் என்று பார்த்து வைத்திருந்தான். எங்கிருந்தோ ஒரு பழைய ட்ரெய்லரைக் கொண்டுவந்து என் பட்டறையில் விட்டான். அதை அடுக்களையாக்கும் வேலை என்னுடையது.

இழுத்துப்போகிற வண்டிக்கு ஒரே சட்டம்தான். பாரம் சக்கரத்துக்கு முன்னால், ஜீப் பக்கமாக அழுத்த வேண்டும். பின்னால் அழுத்தினால் வால் ஆடும். வால் ஆடினால் ஜீப்பையும் சேர்த்து ஆட்டும். இது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். தண்ணீர்த் தாங்கியையும் கேஸ் சிலிண்டர்களையும் கல் மேடையையும் முன்னால் வைப்பதாகச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுவிட்டேன். அப்போதுதான் கஜலட்சுமி வந்தாள்.

அந்த ஒதுக்கிடத்தில் கேரவன் மேற்கே பார்த்துத்தான் நிற்கும். அப்படியானால் அக்கினி மூலையான தென்கிழக்கு பின்பக்கம் இடது கையில் வரும். அடுப்பு அங்கேதான் இருக்க வேண்டும், கிழக்கே பார்த்துத்தான் உலை வைக்க வேண்டும் என்றாள். அங்கே போய்த் திருப்பி நிறுத்தலாமே என்று கேட்டேன். இடம் போதாது என்றான் வீரய்யா.

"ஏழு வருசம் அவங்க காட்டுன செவுத்தப் பாத்துச் சமைச்சேண்ணே. இது என் அடுப்பு" என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. அதற்கு மேல் அந்த ஆமைக்கு வாய் வருமா?

அடுப்பு மட்டும் தனியாகப் போகாது. தாங்கி, சிலிண்டர், கல் மேடை என்று குடும்பத்தோடுதான் போகும். அவள் போன பிறகு, "வால் ஆடும்டா" என்றேன்.

"நான் மெதுவாத்தானேண்ணே ஓட்டுறேன். முன்னுக்கு ரெண்டு மணல் மூட்டை போட்டுக்கிறேன். தண்ணிய கீழ போயி நெரப்பிக்கிறேன். அவகிட்ட ஒண்ணும் சொல்லிராதீங்க."

நான் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவள் சொன்ன இடத்திலேயே எல்லாவற்றையும் பற்றவைத்தேன்.

எட்டு மாதம் நன்றாகத்தான் போனது. கஜலட்சுமி விடியற்காலை பஸ்ஸில் முன்னால் போய்க் கடுகண்ணாவையில் காய்கறி வாங்கி, கீழே இறங்கி இடத்தைக் கூட்டி வைப்பாள். வீரய்யா பின்னால் ஊர்ந்து வருவான். அங்கே ஒரு கிணற்றில் தண்ணீர் நிரப்பிக்கொள்வார்கள். அவளுடைய ரொட்டிக்கும் உறைப்பான கட்டசம்பலுக்கும் லொறிகள் வரிசை கட்டின. அவள் சிரித்துப் பேசியதை அந்த எட்டு மாதத்தில்தான் நான் கேட்டேன்.

பிறகு அந்தப் பாழாய்ப்போன மழை வந்தது. கிணற்றின் மேல் மண் சரிந்தது. தாங்கியை வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு இறங்க வேண்டியதாயிற்று. வீதியோ ஒட்டுக்கு மேல் ஒட்டு. கனரக லொறிகள் தேய்த்த தடம் உள்ளங்கை ஆழத்துக்குக் குழிந்து கிடந்தது. இடது ஓரத்தைத் தண்ணீர் அரித்துவிட்டது. அவன் என்ன செய்தான் தெரியுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த இறக்கம் முழுவதையும் நடந்தே போய், ஒவ்வொரு குழியையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தான். மூன்றாவது வளைவு, இடப்பக்கம், ஒரு சாண். பின்பாரத்துக்கு ஈடாக மணல் மூட்டையை நாலாக்கினான். தினமும் டயருக்குக் காற்றுப் பார்த்தான், ஜீப்போடு மாட்டும் கொக்கியைப் பார்த்தான், நட்டுகளைத் தட்டிப் பார்த்தான். ஒரு மனிதன் இதற்கு மேல் என்னதான் செய்வான்?

தைப்பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, அதே மூன்றாவது வளைவில், எதிரே வந்த பஸ்ஸுக்கு இடம் விட்டு ஒதுங்கியதில் கேரவனின் இடது சக்கரம் தடத்துக்குள் இறங்கியது. வால் ஒரு பக்கம் போய், மறுபக்கம் வந்தது. பஸ் நிற்காமல் மேலே போய்விட்டது.

"கால எடுத்துட்டேண்ணே. பிரேக்கத் தொடல. அடங்கிரும், அடங்கிரும்னு பாத்தேன். அடங்கல" என்று பிறகு என்னிடம் மட்டும் சொன்னான். கேரவன் சாய்ந்து, கொக்கியைப் பிய்த்துக்கொண்டு பள்ளத்தில் உருண்டது. ஜீப் மலைப் பக்கம் பாறையில் மோதி நின்றது. அவனுக்குத் தோளில் மட்டும் அடி.

நான் போய்ச் சேர்ந்தபோது வீதியோரக் கல்லில் உட்கார்ந்திருந்தான். கீழே கிடந்த தகரத்தைப் பார்த்ததுமே, வால் ஆடித்தான் போயிருக்கிறது என்று எனக்கு விளங்கிவிட்டது. அவன் என் கையைப் பிடித்தான்.

"பொலிஸ்ல வேகமா வந்தேன்னு சொல்லிட்டேன்."

"ஏன்டா அப்படிச் சொன்ன?"

"அடுப்பு இருந்த எடம்தான் காரணம்னு சொன்னா, அவ இனி எந்த அடுப்பையும் பத்த வைக்க மாட்டா. நீங்களும் மாட்டிக்குவீங்க."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது நிம்மதி. அந்த நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் என் மேல் நானே காறித் துப்பலாம் போலிருக்கிறது.

அதற்குள் கஜலட்சுமி கீழிருந்து நடந்தே ஏறி வந்துவிட்டாள். பள்ளத்தை எட்டிப் பார்த்தாள். அவன் தோளைத் தொட்டுப் பார்த்தாள். எலும்பு முறியவில்லை என்று தெரிந்த பிறகுதான் கேட்டாள்: "எவ்வளவு வேகத்துல வந்தீங்க?"

"அம்பதுக்கு மேல இருக்கும்."

அவள் அவன் தோளிலிருந்து கையை எடுத்தாள்.

நீதிமன்றத்தில் குற்றத்தை ஒத்துக்கொண்டான். ஒரு வருடத்துக்கு லைசன்ஸ் போயிற்று. ஆமைக்கு இறக்கை முளைத்த கதையைக் கட்டுகஸ்தோட்டை முழுவதும் சொல்லிச் சிரித்தார்கள். அவனும் கூடச் சிரித்தான். கஜலட்சுமி ஒருநாள் என் பட்டறைக்கு வந்தாள். "இருவத்தெட்டு வருசம் மெதுவா ஓட்டின மனுசன், என் பொழப்பு பின்னால வரும்போதாண்ணே பறக்கணும்?" என்று கேட்டாள். நான் இரும்பு அறுத்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

மறுநாள் அவனைப் பிடித்து, "உண்மையச் சொல்லிரு வீரய்யா" என்றேன்.

"சொன்னா கேரவன் வந்துருமாண்ணே? அவ மறுபடி குவைத்துக்குப் போறதா முடிவு பண்ணிட்டா. என்மேல கோவத்தோட போகட்டும், தாங்கிக்குவா. தன்மேலயே கோவத்தோட அங்க போனா தாங்க மாட்டா."

போன மாசி மாதம் அவள் புறப்பட்டாள். கண்டி பஸ் நிலையம்வரை மூவரும் போனோம். சிந்துஜாவுக்குப் பரீட்சை, வரவில்லை. பஸ் படியில் ஏறி நின்றுகொண்டு அவள் திரும்பினாள்.

"நீங்க மெதுவா வந்திருந்தா நான் போக வேண்டியதில்ல."

"ஆமா" என்றான் வீரய்யா.

நான் மூன்றடி தள்ளி நின்றேன். பஸ் புறப்பட இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. அந்த ஐந்து நிமிடமும் என் வாய் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் அவள் கூப்பிடுகிறாள். வீரய்யா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். சிந்துஜாவோடு பேசிவிட்டு வைத்துவிடுகிறாள்.