கெலவரப்பள்ளி அணைக்கரையில் சிம்ம ராசி

என் மனைவி மக நட்சத்திரம். மகம் ஜகத்தை ஆளும் என்பார்கள். ஜகத்தைப் பற்றித் தெரியாது, மத்திகிரியில் எங்கள் வாடகை வீட்டை அவள்தான் ஆள்கிறாள். அந்த நட்சத்திரத்தை வானத்தில் காட்டுகிறேன் என்று புத்தகம் புத்தகமாக வாங்கினேன். இரண்டு மாதம் மொட்டை மாடியில் நின்று கழுத்து சுளுக்கியதுதான் மிச்சம்.

"இன்னிக்கும் காட்டலேன்னா அத்தனை புஸ்தகமும் பழைய பேப்பர் கடைக்கு" என்று சொல்லிவிட்டாள்.

ஊரைச் சுற்றியுள்ள கம்பெனி விளக்குகளுக்குத் தப்பி, அந்த ஏப்ரல் இரவே கெலவரப்பள்ளி அணைக்குப் போனோம். மகம் இருக்கும் சிம்மம் அப்போது நேர் உச்சியில் நிற்கும் என்பதால் போர்வை விரித்து மல்லாந்து படுத்தோம். நான் கதை அளந்தேன்: எந்த ஆயுதமும் துளைக்காத தோலுள்ள கிரேக்கச் சிங்கம், அதைக் கழுத்தை நெரித்தே கொன்ற வீரன், பின்னங்காலருகே மூன்று கேலக்ஸிகள்.

"அதெல்லாம் இருக்கட்டும். சிங்கம் எங்கீங்க?"

எனக்கும் தெரியவில்லை.

போச்சம்பள்ளிப் பக்கம் நெல் அறுத்து வளர்ந்தவள் அவள். "சிங்கமாவது. அங்க பாருங்க, கதிர் அறுக்கற அரிவாள் ஒண்ணு. பிடியோட அடியில பளிச்சுனு மின்னுதே."

டார்ச் அடித்துப் புத்தகத்தைப் பார்த்தேன். அரிவாளின் வளைவுதான் சிங்கத்தின் பிடரி. பிடியின் அடியில் மின்னியது மகம். இருவரும் போர்வையில் உருண்டு உருண்டு சிரித்ததில் வானமே ஊஞ்சலாடியது.

"அப்போ புஸ்தகம்?" என்றேன்.

"இருக்கட்டும். அந்தச் சிங்கத்து மேல அரிவாள வரைஞ்சு வைங்க. அடுத்து படிக்கிறவங்களாவது பொழைக்கட்டும்."

அங்கேயே வரைந்தேன். நான் கோணலாக இழுத்துவிடாதபடி அவள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டாள்.