ஒரே ஒரு ஆளைக் கொடும் என்று கேட்டேன்

"இவ அங்க போயி இன்னா பண்ணப் போறா? ஒரு வாரம்கூட தாங்க மாட்டா. அழுதுகினு திரும்பி வருவா, நீங்களே பாருங்க."

என் பாஸ்போர்ட் தபாலில் வந்த அன்று அத்தை சொன்னது இது. அப்பாவின் அக்கா. நான் பக்கத்தில் நிற்கும்போதே அம்மாவிடம் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்தவள் நான் ஒருத்திதான். எம்.எஸ்ஸி., பி.எட். வரை வந்துவிட்டேன். வெளிநாட்டுச் சபையில் ஒரு மாத ஊழியம் எனக்குப் பெரிய விஷயமா? அந்தப் பெருமையோடுதான் போன ஜூன் மாதம் விமானம் ஏறினேன். அத்தை சொன்னது கிட்டத்தட்ட பலித்துவிட்டது. அதை மறைக்காமல் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தேன். மலேசியாவில் ஈப்போவைத் தாண்டி ஒரு சிறிய ஊர். கடைகளுக்கு மேலே மாடியில் சபை. எல்லாரும் தமிழர்கள். பிள்ளைகளுக்குப் பாட்டும் வேதாகமக் கதையும் சொல்லிக்கொடுக்க என்னை அழைத்திருந்தார்கள். அதற்காக ஒரு மாதம் உட்கார்ந்து அட்டைப் படங்கள் வரைந்தேன். துணியில் கைப்பொம்மைகள் தைத்தேன். ஒரு பெட்டி நிறைய அதுதான் இருந்தது.

செவ்வாய் சாயங்காலம் முதல் வகுப்பு. கதை ஆரம்பித்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. முன்வரிசையில் ஒரு குழந்தை அழுதது. அதைப் பார்த்து இன்னொன்று அழுதது. நான் இன்னும் நன்றாக நடித்துச் சொன்னேன். மூன்றாவது குழந்தை எழுந்து ஓடிவிட்டது.

வகுப்பு முடிந்ததும் போதகரின் மனைவி வந்தார். அவரை எல்லாரும் ஆன்ட்டி என்பார்கள். "கொஞ்சம் மெதுவா பேசும்மா சுகந்தி. பிள்ளைங்களுக்குத் திட்டற மாதிரி இருக்கு" என்றார். இன்னொன்றும் சொன்னார். நான் யாரிடம் பேசினாலும் கிட்டப் போய் அவர்கள் வாயையே உற்றுப் பார்க்கிறேனாம். பெரியவர்களுக்குச் சங்கடமாக இருக்கிறதாம்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆரணியில் எங்கள் வீட்டை ஒட்டினாற்போல் விசைத்தறிக் கொட்டகை. நான்கு தறிகள். அப்பா அதில் கூலிக்கு ஓட்டுகிறார். அம்மா அங்கேயே உட்கார்ந்து குச்சியில் நூல் ஏற்றித் தார் சுற்றுவார். தறி ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. பேச வேண்டுமென்றால் தொண்டை கிழியக் கத்த வேண்டும். இல்லையென்றால் உதடு தெரியும்படி வாயை நன்றாகத் திறந்து, கையும் சேர்த்து, சத்தமே இல்லாமல் பேச வேண்டும். எதிரில் இருப்பவர் வாயைப் பார்த்தே பதில் சொல்வார். ஆளைக் கூப்பிடுவது என்பதே கிடையாது. தோளில் தட்டுவதுதான். எங்கள் தெருவில் எல்லாரும் அப்படித்தான். அது தப்பு என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

புதன்கிழமை அடுத்த தப்பு. சபை மூப்பர் ஒருவர் கண்ணை மூடி நின்று ஜெபித்துக்கொண்டிருந்தார். கீழே சாப்பாட்டு வண்டி வந்து நின்றது. சொல்லலாம் என்று பின்னால் போய் அவர் தோளைத் தட்டினேன். மனிதர் துள்ளி விழுந்தார். சபையே திரும்பிப் பார்த்தது. ஒரு இளம்பெண் மூப்பரைத் தொட்டுக் கூப்பிடுவதா என்று முணுமுணுத்தார்கள். நான் மன்னிப்புக் கேட்டேன். அதையும் சத்தமாகக் கேட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை பிள்ளைகள் வகுப்பை வேறொரு சகோதரிக்குக் கொடுத்துவிட்டார்கள். என்னைச் சமையலறைக்கு அனுப்பினார்கள். தட்டு கழுவும் வேலை. வெங்காயம் உரிக்கும் வேலை. பெட்டியில் பொம்மைகள் அப்படியே கிடந்தன. வீட்டுக்குப் போன் செய்தபோது எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அம்மாவிடம் பொய் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலையில் ஆன்ட்டி என்னைத் தனியாக அழைத்தார். அன்பாகத்தான் பேசினார். "உனக்கு இங்க கஷ்டமா இருந்தா சொல்லும்மா. நாளைக்கு உட்கார்ந்து பேசுவோம். டிக்கெட்டை முன்னாடியே மாத்திக்கலாம்."

அதாவது திருப்பி அனுப்பப்போகிறார்கள். ஒரே வாரத்தில். பஸ்ஸை விட்டு இறங்கி எங்கள் தெருவில் நடப்பதை நினைத்துப் பார்த்தேன். நான் மட்டும் தோற்றால் பரவாயில்லை. என்னைப் படிக்கவைத்த அம்மாவும் சேர்ந்து தோற்பார். எங்கள் தெருவில் அடுத்து எந்தப் பெண்ணாவது வெளியூர் போகக் கேட்டால் என்னைத்தான் காட்டுவார்கள்.

மத்தியானம் தட்டு தேய்த்துக்கொண்டே ஜெபித்தேன். அழகான ஜெபம் இல்லை. கோபத்தில் வந்தது. "ஆண்டவரே, என்னை எதுக்கு இங்க கூட்டிகினு வந்தீங்க? தட்டு ஆரணியிலேயே இருக்குது. வகுப்பு வேணாம். மேடை வேணாம். நான் பேசுறது புரியற மாதிரி ஒரே ஒரு ஆளைக் கொடுங்க. இல்லைன்னா நானே டிக்கெட்டை மாத்திக்கறேன்." ஆமென்கூடச் சொல்லவில்லை. அடுத்த தட்டை எடுத்தேன்.

அன்று சாயங்காலம் ஜெபக்கூட்டம். முடிந்து எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மங்களம் அக்கா என்று ஒருவர். ஐம்பது வயது இருக்கும். தொழிற்சாலை இரைச்சலில் வருடக்கணக்காக வேலை செய்து காது போய்விட்டது. பேச வரும், கேட்காது. இரண்டு வருடமாகச் சபைக்கு வருகிறார். அவருக்காகவே சபையில் ஒரு நோட்டு வைத்திருந்தார்கள். எதுவாக இருந்தாலும் அதில் எழுதிக் காட்டுவார்கள். ஒரு சகோதரி ஞாயிறு ஆராதனை பத்து மணிக்கு என்று எழுதிக் காட்டினார். மங்களம் அக்கா சிரித்துத் தலையாட்டினார்.

அந்தத் தலையாட்டலை நான் பார்த்தேன். அவர் கண்கள் எழுத்தின் மேல் நகரவே இல்லை. நேராக எழுதியவரின் முகத்துக்குப் போயின. அவர் சிரிக்கிறாரா என்று பார்த்துவிட்டுத் தானும் சிரித்தார். எங்கள் பள்ளிக்கூடத்தில் மார்க் அட்டையை நீட்டும்போது அம்மா இப்படித்தான் தலையாட்டுவார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போனேன். பழக்க தோஷத்தில் தோளைத் தட்டினேன். திரும்பினார். தறிக்கு இந்தப் பக்கம் நின்று அம்மாவிடம் பேசுவதுபோல, சத்தமில்லாமல், வாயை நன்றாகத் திறந்து சொன்னேன். "அக்கா. ஞாயித்துக்கிழமை. பத்து மணிக்கு." பத்து விரலையும் காட்டினேன்.

அவர் என் வாயையே பார்த்தார். "பத்தா? ஒம்பது இல்லையா?" என்றார்.

அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டவர் விடவில்லை. பேசினார், பேசினார், அப்படிப் பேசினார். மருமகளுக்குக் குழம்பில் உப்புப் போடத் தெரியாது என்பதில் ஆரம்பித்து, பேரனின் பல்வலி வரைக்கும் போனார். எனக்குக் கால் வலித்தது. கொஞ்சம் சலிப்பாகவும் இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். பிறகு திடீரென்று குரல் உடைந்து கேட்டார்.

"நான் ஏதாச்சும் தப்பு செஞ்சிட்டேனாம்மா? எனக்கு அப்புறம் வந்தவங்கள்லாம் ஞானஸ்நானம் எடுத்துட்டாங்க. என்னை மட்டும் ஏன் கூப்பிடல?"

சனிக்கிழமை போதகரும் ஆன்ட்டியும் என் டிக்கெட்டைப் பற்றிப் பேச உட்கார்ந்தார்கள். நான் மங்களம் அக்காவைப் பற்றிப் பேசினேன். மெதுவாகப் பேச மறந்துவிட்டேன். ஆன்ட்டி எழுந்துபோய் அந்த நோட்டை எடுத்துவந்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஞானஸ்நான வகுப்புக்கு வரச்சொல்லி இரண்டு முறை எழுதியிருந்தது. அவர் வரவில்லை, விருப்பமில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டார்களாம்.

"தலையாட்டினாங்களேம்மா," என்றார் ஆன்ட்டி. போதகர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். டிக்கெட் பேச்சு அதோடு போனது.

மூன்றாவது வாரம் மங்களம் அக்கா ஞானஸ்நானம் எடுக்கத் தண்ணீரில் இறங்கினார். போதகர் கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் நான் எதிரில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வாயசைவில் சொன்னேன். "ஆமா, விசுவாசிக்கிறேன்" என்று அவர் போட்ட சத்தத்தில் ஒரு குழந்தை அழுதது. இந்த முறை யாரும் முணுமுணுக்கவில்லை.

எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கடைசி நாள் வரை தட்டு கழுவினேன். பிள்ளைகள் வகுப்பு திரும்பக் கிடைக்கவில்லை. பொம்மைகளை அந்தச் சகோதரியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அதில் இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான். கர்த்தரிடம் அதையும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் கேட்டது ஒரு ஆள். கொடுத்தது ஒரு ஆள். அதுவும் கேட்ட அன்றே. நான் பெருமையாகச் சுமந்துபோன படிப்பை அவர் தொடவில்லை. அங்கே ஒருவரிடமும் சொல்ல வெட்கப்பட்ட தறிக் கொட்டகைப் பழக்கத்தைக் கையில் எடுத்தார். அவருக்கே ஸ்தோத்திரம்.

உங்களில் யாராவது என்னைப்போல் கோபத்தோடு உட்கார்ந்திருந்தால், அந்தக் கோபத்தோடேயே கேளுங்கள். நல்ல வார்த்தை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அவர் கேட்கிறார். நான் கண்டேன்.

ஊருக்கு வந்ததும் எங்கள் சபையில் விசாரித்தேன். சுற்று வட்டாரத்தில் பிறவியிலேயே காது கேளாத ஐந்து பேர் இருக்கிறார்கள். ஒருவர் பெரணமல்லூர்ப் பெண். அவர்களுக்கு என் வாயசைவு மட்டும் போதாது. அதனால் வேலூரில் சைகை மொழி வகுப்பில் சேர்ந்துவிட்டேன். சனிக்கிழமை தோறும் காலை பஸ். நான்கு வகுப்பு முடிந்திருக்கிறது. விரல்கள் இன்னும் சரியாக மடங்கவில்லை. நேற்று பெரணமல்லூர் போய் அந்தப் பெண்ணின் எதிரில் உட்கார்ந்து, என் பெயரைக் கையால் சொல்லிவிட்டு வந்தேன்.