இடைச்சுவருக்கு மேலே அடித்த பலகை

பள்ளிக்கூடம் விட்டு, பகல் இரண்டரை மணிக்குத் தெரணியகலை பஸ்ஸிலிருந்து இறங்கி, மழையில் ஊறிய ரப்பர் சருகின் புளித்த வாசனையினூடே மேடேறி வந்து லயத்தில் எங்கள் ஒற்றை அறையான 'காம்பரா'வின் கதவைத் தள்ளினேன். உள்ளே தாழிட்டிருந்தது. மூச்சிழுப்பு அதிகம் என்று அம்மா அன்று வேலைக்குப் போகவில்லை; சாரலுக்குப் பயந்து தாழ் போட்டிருக்க வேண்டும். கூப்பிட்டேன். தகரக் கூரையில் மழைதான் இரைந்தது.

லயம் என்பது தோட்டத் தொழிலாளருக்கென ஒரே கூரையின் கீழ் வரிசையாக நிற்கும் ஒற்றை அறை வீடுகள். அவற்றின் இடைச்சுவர்கள் கூரைவரை எழும்புவதில்லை. மேலே விட்டிருந்த இடைவெளி வழியாக அடுத்த வீட்டுப் புகையும் பாட்டும் சண்டையும் நம் வீட்டுக்கு வந்துவிடும். அப்பா குறட்டை விட்டால் அந்தப் பக்கமிருந்து அஞ்சலை அத்தை, "அண்ணே, லொறிய கொஞ்சம் நிப்பாட்டுங்க, புள்ள தூங்கணும்" என்பார். யாராவது தாழிட்டுவிட்டு அசந்து தூங்கிப்போனால், பக்கத்து வீட்டார் சுவரேறிக் குதித்துக் கதவைத் திறந்துவிடுவதும் எங்களுக்குள் வழக்கம்.

அந்த இடைவெளியில்தான் ஒரு நாள், நான் பாடம் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு முகம் தெரிந்தது. நிவித்திகலையிலிருந்து வந்து தங்கியிருந்த அத்தையின் கொழுந்தன். எனக்குப் பதின்மூன்று வயது. அவன் சிரித்தான்; நான் வெளியே ஓடினேன். மறுநாளே அம்மா, அப்பாவைக் கொண்டு தேயிலைப் பெட்டிப் பலகைகளால் அந்த இடைவெளியை அடைத்துவிட்டார். காரணத்தைச் சொன்னால் என் பெயர் கெடும் என்று பயந்து, "இனிமே யாரும் எங்க பக்கம் எட்டிப் பாக்க வேணாம்" என்று மட்டும் சொன்னார்.

"நாங்க என்ன களவெடுக்கவா எட்டிப் பாத்தோம்?" என்றார் அத்தை. அதோடு பேச்சு நின்றது. சில நாளில் அந்தக் கொழுந்தன் ஊருக்குப் போய்விட்டான். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. நான் மட்டும், பலகை அடித்த பிறகுதான், கழுத்துவரை போர்த்திக்கொள்ளாமல் தூங்கினேன்.

நான் பூட்டிய கதவுக்கு வெளியே நின்ற அன்று மதியம், உள்ளே ஏதோ பாத்திரம் உருண்டது. பலகை இல்லாதிருந்தால் அம்மாவின் இழுப்பு அடுத்த வீட்டுக்கு எப்போதோ கேட்டிருக்கும். அத்தை கைக்குழந்தையோடு தன் வாசலில் நின்று என்னைப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பா இருந்த ஃபெக்டரி தூரம். "அத்தை... அம்மா பேச மாட்டேங்கிறாங்க" என்றேன். அவர் குழந்தையை என் கையில் திணித்துவிட்டுத் தன் வீட்டுக்குள் போனார். பலகை பிளக்கும் சத்தம் கேட்டது.

இன்று அந்த லயம் இல்லை. நாங்கள் இருப்பது தனி வீடு. சுவர்கள் எல்லாம் கூரைவரை போகின்றன. என் மகள் தன் அறைக்கு ஒரு தாழ் கேட்டாள். போன வாரம் போட்டுக் கொடுத்தேன். அது ஒரு பெண்பிள்ளைக்கு எவ்வளவு தேவை என்பது எனக்குத் தெரியாதா? ஆனாலும் மழை மதியங்களில் அந்தக் கதவுக்கு வெளியே போய் நின்று காது கொடுக்கிறேன். "உசுரோடதான் இருக்கேன், போங்கம்மா" என்று உள்ளிருந்து சிரிக்கிறாள். பக்கத்து வீட்டில் இருப்பவர்களின் பெயர் அவளுக்குத் தெரியாது. எனக்கும் பாதிதான் தெரியும்.

அன்று எங்கள் கதவு உள்ளிருந்து திறந்தது. அஞ்சலை அத்தை நின்றார். முழங்கை கிழிந்து இரத்தம் வழிய, அம்மாவைத் தோளில் சாய்த்துப் பிடித்திருந்தார். அம்மாவின் உதடுகள் நீலம் பாய்ந்திருந்தன. மூச்சு நூலாக இழுத்தது. அந்த நிலையிலும் அம்மாவின் கண்கள் சுவருக்கு மேலே திறந்து கிடந்த இடத்துக்கே போயின.

"உசுரு இருக்கு, அழுவாத. புள்ளைய உள்ள பாயில போட்டுட்டு ஓடிப்போய் அப்பாவக் கூட்டிட்டு வா" என்று என்னிடம் சொன்ன அத்தை, அம்மாவின் நெஞ்சைத் தடவிக்கொண்டே குனிந்தார்.

"பலகைய நெனச்சிக் கவலப்படாதீங்க அண்ணி. பொழுது சாய்றதுக்குள்ள நானே திருப்பி அடிச்சித் தர்றேன். பொம்பளப் புள்ள இருக்கிற வீடு."