காலாவதித் தேதி இல்லாத சிடி

பழைய சிடிகளைப் படித்துக் கொடுப்பவனிடம் ஊரார் மறந்த நேரமெல்லாம் வந்து சேரும். தேதி எழுதாத சிடிகளை அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் உங்களுக்கு இது புரியும். நாற்பது வருடம் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் துண்டறிக்கை எழுதியவன், இப்போது குனோங் ராபாட் ஊரில் சிடி படிக்கும் இந்தக் கடை வைத்திருக்கிறேன்.

கேமராவின் கனவு

சரோஜா கோப்பெங் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத் தொழிலாளி. தோட்டத்தை விற்ற கம்பெனி, லயம் எனும் தொழிலாளர் வரிசை வீடுகளில் அப்போது குடியிருந்தவர்களுக்குப் புது வீடு தருவதாக வாக்குக் கொடுத்தது. இப்போது, அவர் விற்பனைக்குப் பிறகு வந்து ஒண்டியவர் என்கிறது. அவரிடம் இருந்த ஒரே சாட்சி ஒரு சிடி: லயத்து வாசலில் மகளின் பிறந்தநாள் படங்கள். குன்றிலிருந்து பனி விலகுவதுபோல் மெல்லத் திறந்தன. கேமராவின் கடிகாரத்தை யாரும் சரிசெய்து வைக்கவில்லை. ஒவ்வொரு படத்தின் மூலையிலும் 1980 ஜனவரி ஒன்று.

"அண்ணே, அப்ப எனக்கே அஞ்சு வயசுலா, எனக்கு ஏது மவ!"

என் கெட்டிக்காரத்தனம்

சிடியில் கீறல். அதைப் பத்திரப்படுத்திவிட்டுப் புதிய சிடியில் நகலெடுத்து, வீடு பெறுவோர் பட்டியலுக்கான விசாரணையில் அதிகாரியிடம் நெஞ்சை நிமிர்த்தி நீட்டினேன். எந்த நாளில் பதிகிறோமோ அந்த நாளைத்தான் சிடி தன் தலைப்பில், அதாவது தட்டின் தொடக்கத்தில் கணினி மட்டும் படிக்கும் குறிப்பில், எழுதிக்கொள்ளும் என்பதை மறந்துபோனேன். கம்பெனி வக்கீல் அதை மடிக்கணினியில் போட்டுப் பார்த்து, யாழ்ப்பாணத் தமிழில் மெல்லச் சொன்னார்:

"ஐயா, உங்கட சாட்சி போன செவ்வாய்க்கிழமைதான் பிறந்திருக்கு."

முப்பத்திரண்டு கால்மணி

அடுத்த முறை கீறல் விழுந்த பழைய சிடியையே கொண்டுபோனோம். படங்கள் தடுமாறின, தலைப்பு திறந்தது. அதைப் பதிந்துகொடுத்த ஸ்டூடியோவின் கணினி ஆண்டு, மாதம், நாள், மணி எல்லாம் எழுதி, கடைசியில் 32 என்று வைத்திருந்தது. கிரீன்விச்சிலிருந்து முப்பத்திரண்டு கால்மணி, அதாவது எட்டு மணி நேரம். நம் நாட்டு நேரம். தேதி, விற்பனைக்கு இரண்டு வருடம் முந்தியது. பால்மரங்களுக்கு நடுவே ஒரு சாயங்காலம் அந்த வெள்ளித் தட்டில் இன்னும் இருட்டாமல் நிற்பதாக எனக்குத் தோன்றியது. வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை நான் மறுக்கேலாது."

பூஜ்யங்கள்

அதிகாரி சரோஜாவின் பெயரைப் பட்டியலில் சேர்த்தார். வீடு எப்போது என்று மட்டும் சொல்லவில்லை. வாசலில் நான் மேடைப் பேச்சில் இறங்கிவிட்டேன்: அதே தலைப்பில் காலாவதித் தேதிக்கும் இடம் உண்டு, அதில் வெறும் பூஜ்யங்கள், அதாவது காலாவதியே கிடையாது, நம் உரிமையும் அப்படித்தான். ஆனால் ஒவ்வொரு படக் கோப்புக்கும் சிடி குறித்துவைக்கும் தேதியில் ஆண்டுக்கு ஒரே ஒரு பைட் இடம்தான். 1900இலிருந்து எண்ணி 2155 வரைதான் போகும் என்றும் சொல்லித் தொலைத்தேன். சரோஜா சிடியைப் பைக்குள் வைத்துக்கொண்டே கேட்டார்:

"அதுக்குள்ளயாவது வீடு கெடைச்சிரும்லா, அண்ணே?"

உரிமைக்குத் தேதி எதற்கு என்று என் துண்டறிக்கை ஒன்றில்கூட நான் தேதி போட்டதில்லை. அன்று எங்களைக் காப்பாற்றியதோ, பெயர் தெரியாத ஒரு ஸ்டூடியோக்காரர் சரியாக வைத்திருந்த கடிகாரம்.