சௌம்யாவின் வலது கை

அன்னம்மாள் வீட்டுக் கொடியில் ஒன்பது கைகள் தொங்குகின்றன. தோலால் ஆனவை. துணிக் கிளிப் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை. மழைக்கு முன் காற்றில் ஈரம் ஏறும்போது விரல்கள் கொஞ்சம் விரிகின்றன. வெயில் ஏறினால் மடங்குகின்றன. எந்தக் கையிலும் ஐந்து விரல்கள் கிடையாது.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினாறு வருடம் தோல் வெட்டும் கட்டிங் பிரஸ்ஸில் நின்றவள் அவள். அந்த மிஷினுக்கு இரண்டு பட்டன்கள். இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் மேல்தட்டு இறங்கும். கைகள் இரண்டும் வெளியே இருக்க வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. டார்கெட் ஏறியபோது அன்னம்மாள் ஒரு பட்டனை அழுத்தி அதன் இடுக்கில் தீக்குச்சியைச் செருகினாள். இடது கை அழுத்தியது, வலது கை தோலை நகர்த்தியது. வேலை வேகமாக ஓடியது. பக்கத்து மிஷினில் புதிதாகச் சேர்ந்த சௌம்யா தினமும் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். அவள் பட்டனிலும் அன்னம்மாளே ஒரு குச்சியைச் செருகிக் கொடுத்தாள்.

ஆகஸ்டில் சௌம்யாவின் வலது ஆள்காட்டி விரல் போயிற்று. குச்சியை வைத்தது யார் என்று சூப்பர்வைசர் கேட்டார். தெரியாது என்றாள் அன்னம்மாள். தன் மிஷினில் இருந்த குச்சியை அவள் எடுக்கவில்லை. நவம்பரில் அவளுக்கும் வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

வீட்டில் இருந்தபோது இல்லாத விரல்கள் அரித்தன. எங்கே சொறிவதென்று தெரியவில்லை. தோல் வியாபாரி வாஹித் பாஷாவின் குடோனிலிருந்து துண்டுத்தோல் வாங்கி, வெந்நீரில் ஊறவைத்து, வலது கையைச் சுற்றிப் பல்லால் துணிப்பட்டையை இழுத்துக் கட்டினாள். காய்ந்ததும் உள்ளங்கைப் பக்கம் அறுத்துக் கழற்றினாள். நரம்பு, நகத்தின் விளிம்பு, மோதிரத் தடம் எல்லாம் தோலில் இருந்தன. அறுத்த இடத்தைத் தைத்துக் கொடியில் மாட்டினாள். அன்று அரிக்கவில்லை.

பிறகு விரல் போன மற்றவர்களும் தங்கள் கைக்கு அச்செடுக்க வந்தார்கள்.

“இன்னாம்மா, பேய்ங்களுக்குக் கையுறை தைக்கிறியாமே,” என்றார் வாஹித் பாஷா. “சைஸ் எப்படி எடுக்கற?”

“நீங்க வாங்க பாய், எடுத்துக் காட்றேன்.”

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

வந்தவர்கள் யாரும் தங்கள் கையை எடுத்துப்போகவில்லை. வீட்டில் வைத்தால் சோறு இறங்காது என்றார்கள். சௌம்யாவை வரச்சொல்லி அன்னம்மாள் மூன்று முறை ஆள் அனுப்பினாள். அவள் வரவில்லை.

ஜூன் மாதம் ஒரு மத்தியானம் சௌம்யா வந்தாள். செருப்பைக் கழற்றாமல் நின்றாள்.

“இதுல எது உங்களுது?”

அன்னம்மாள் காட்டினாள். சௌம்யா அதன் மூன்று விரல்களுக்குள் தன் விரல்களைக் கோத்துப் பார்த்துவிட்டு விட்டாள்.

“எனக்கு அஞ்சு விரலோட வேணும்.”

“தோலு இருக்கறதத்தான் எடுக்கும், சௌம்யா.”

“உங்க இடது கை முழுசாதான இருக்குது. அதுல ஒரு விரலு குடுங்க.”

அன்னம்மாள் இடது கையை மல்லாக்க வைத்தாள். அதன்மேல் சௌம்யாவின் வலது கை. விரல் இல்லாத இடைவெளியில் அன்னம்மாளின் ஆள்காட்டி விரல் நுழைந்தது, மற்றவை மடங்கின. மீதமிருந்த கைகளால் இருவரும் சேர்ந்து ஈரத்தோலைச் சுற்றிக் கட்டினார்கள். டேபிள் ஃபேன் ஓடியது.

பத்து நிமிடத்தில் தோல் இறுகத் தொடங்கியது. உள்ளே ஏதோ துடித்தது. எது யாருடைய துடிப்பு என்று தெரியவில்லை.

“குச்சிய நானே வச்சிக்கினேன்னு எங்க வீட்ல இன்னும் திட்றாங்க.”

அன்னம்மாள் கட்டின் முடிச்சைத் தடவினாள்.

“சூப்பர்வைசருகிட்ட தெரியாதுன்னு சொன்னீங்க.”

“ஆமா.”

தோல் இன்னும் இறுகியது. அன்னம்மாளின் நெற்றியில் வியர்வை நின்றது.

“வலிக்குது. அவுத்துடலாமா?”

“இன்னும் காயல,” என்றாள் சௌம்யா.

ஒரு மணி நேரம் கழித்து அறுத்தார்கள். வெளுத்துச் சுருங்கிய இரண்டு கைகள் வெளியே வந்தன. தோல் கைக்கு ஐந்து விரல்கள். ஒரு விரல் மட்டும் பெரியது, அதன் நகம் உள்ளங்கைப் பக்கம் இருந்தது.

தைத்து முடித்ததும் சௌம்யா அதைச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டாள்.

“இந்த விரலு உங்களுது. பாக்கணும்னா பேரணாம்பட்டுக்கு வாங்கக்கா.”

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அன்னம்மாள் பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பினாள். நான்காவது ஞாயிறு பேரணாம்பட்டு பஸ்ஸில் ஏறினாள்.

சௌம்யா வீட்டுக் கதவு திறந்திருந்தது. கை டிவி மேல் இருந்தது. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சௌம்யாவின் மாமியார் வந்தவளின் இடது கையை முதலில் பார்த்தார், பிறகு டிவி மேல் இருந்ததைப் பார்த்தார்.

“யாரும்மா நீ?”

சௌம்யா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“குச்சிய வச்சது நான்தாம்மா,” என்றாள் அன்னம்மாள்.