நுரை இறங்கிய வாளி

கெபெக் மாகாணத்தின் ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டி இறக்கும் செபஸ்தியாம்பிள்ளை என் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருப்பவர். மன்னார்க்காரர். எதையும் அறுதியிட்டுச் சொல்லமாட்டார். மெட்ரோவில் இருக்கை கிடைத்தால்கூட, உட்காரலாமா என்று நாலு பக்கமும் பார்ப்பார்.

அவருடைய மகள் எலிசாவுக்கு 2004ஆம் ஆண்டு பாஸ்காப் பண்டிகைக்குப் பிறகு லவாலைச் சேர்ந்த கெபெக் பையனோடு கலியாணம் என்று முடிவாயிற்று. பையனின் தகப்பன் ஜீல் வீட்டிலேயே பியர் செய்பவர். இரு தகப்பன்மாரும் சேர்ந்து செய்த பியரை விருந்தில் வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. மாசி மாதத்தில் ஒருநாள் வந்து, காற்று வெளியேற நீர்விட்ட சிறு குழாய் செருகிய மூடி போட்ட வாளியில் பார்லிச் சாற்றையும் ஈஸ்டையும் கலந்து வைத்தார். பெரிய கண்ணாடிப் போத்தல் ஒன்றையும் தந்தார். வாளியில் பொங்குவது அடங்கியதும் பியரைப் போத்தலுக்கு மாற்றுவது செபஸ்தியாம்பிள்ளையின் பங்கு. சம்பந்தி நம்பிக் கொடுத்தது தன் கையில் பழுதாகிவிடுமோ என்று அவருக்கு அன்றே பயம் பிடித்துவிட்டது.

சில நாளில் நுரை இறங்கியது. அவர் மனைவி அக்னெஸ், குளிர்காலத்தில் அவண் அடுப்புக்குள் விளக்கைப் போட்டுத் தோசைமா பொங்க வைப்பவர், மூடியைத் திறந்து பார்த்தார்.

"இஞ்சாருங்கோ, பொங்கினது இறங்கிப்போச்சு. மா இறங்கினா புளிச்சுப்போச்செண்டுதானே? நேற்றே மாத்தியிருக்கோணும்."

"அடங்கட்டும் எண்டெல்லோ சம்பந்தி சொன்னவர்?"

"உங்களுக்கு விளங்கின பிரெஞ்சுதானே!"

என்னைக் கூப்பிட்டார்கள். மிஞ்சியிருக்கும் சீனியை அளக்க ஜீல் தந்த கண்ணாடி மிதவையைச் சாற்றில் விட்டேன். 1020. மறுநாளும் அதே 1020. அளவு மாறாவிட்டால் முடிந்தது என்று கூட வந்த தாள் சொன்னது. 1012க்கு இறங்கினால்தான் முடிந்தது என்றும் அதே தாள் சொன்னது. பொறுக்கச் சொன்னேன்.

அக்னெஸ் வாளிக்குப் போர்வை சுற்றி ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். மூடியிலிருந்த குழாய் மறுபடி குமிழிவிடத் தொடங்கியது. அளவு 1016.

"தியாகண்ணை, இப்ப மாத்தலாமோ?" என்று செபஸ்தியாம்பிள்ளை என்னைக் கேட்டார்.

"குறைஞ்சுகொண்டெல்லோ இருக்கு. பொறும்."

"குறையாத நேரமும் பொறும் எண்டுதானே சொன்னனீங்கள்!"

செபஸ்தியாம்பிள்ளை தொலைபேசியை எடுத்து ஜீலை அழைத்தார். "பொன்ஷூர்" என்று வணக்கம் சொன்னதோடு அவருடைய பிரெஞ்சு தீர்ந்துபோயிற்று. ரிசீவரைக் குமிழிக் குழாய்க்குப் பக்கத்தில் பிடித்தார். அந்தப் பக்கம் பெரிய சிரிப்புக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பனியை உதறிக்கொண்டு ஜீல் வாசலில் நின்றார்.

போர்வையைப் பார்த்தார், மிதவையைப் பார்த்தார், ஒரு கரண்டி குடித்தும் பார்த்தார். நாங்கள் மூவரும் அவர் முகத்தையே பார்த்தோம். தோளைக் குலுக்கி இரு கையையும் விரித்தார். பிறகு வேலைக்குப் போயிருந்த எலிசாவுக்குத் தொலைபேசி எடுத்து ஏதோ சொல்லி, தகப்பனிடம் கொடுத்தார். கேட்டுவிட்டுச் செபஸ்தியாம்பிள்ளை எங்கள் பக்கம் திரும்பினார்.

"அவருக்கும் தெரியாதாம். தன்ர மனுசி வாளி வேணுமெண்டு கத்துற அண்டைக்குத்தான் மாத்துறவராம்."

"அப்ப எனக்கு இப்பவே வாளி வேணும்" என்றார் அக்னெஸ்.

சம்பந்திகள் இருவரும் வாளியை ஒரு முக்காலியில் ஏற்றிவிட்டு, குசினித் தரையில் அடுப்புக்கு முன்னால் குந்தினார்கள். நீண்ட ரப்பர்க் குழாயொன்றின் ஒரு முனையை ஜீல் வாளிக்குள் பிடித்தார், மற்றதைச் செபஸ்தியாம்பிள்ளை போத்தலுக்குள் விட்டார். நான் கடைசியாக அளந்தபோது 1015. அது முடிந்த பியரா, முடியாத பியரா என்பது எனக்கு இன்றும் தெளிவில்லை.

செபஸ்தியாம்பிள்ளை அதைக் கேட்கவுமில்லை. "பழுதானாலும் இனி ரெண்டு பேற்ற பழுதுதானே, அண்ணை" என்றார்.