பீஸ் இல்லை, கல்லு

எங்கள் பக்கத்தில் இடுப்பு வலித்தால் யாரும் சிறுநீரகத்தை நினைப்பதில்லை. "பீஸ் நகருது" என்போம். சண்டைக் காலத்தில் வெடித்து உடம்புக்குள் போன செல் குண்டின் துண்டுக்குத்தான் அந்தப் பெயர். என் முதுகிலும் ஒன்று கிடக்கிறது. அப்படியே விட்டால் ஆபத்தில்லை, எடுக்கப் போனால்தான் ஆபத்து என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். ஆகவே, வலி வந்தால் பனடோலைப் போட்டுக்கொண்டு வயலுக்குப் போனேன். வருடக்கணக்காக இந்த மடைத்தனம்.

ஒருநாள் வரம்பில் சுருண்டு விழுந்து வாந்தி எடுத்தேன். மனைவி ஒட்டுசுட்டான் சந்தியில் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். ஸ்கான் எடுத்த டொக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார்.

"பீஸ் அங்கால கிடக்கு, ஐயா. அது ஒண்டும் செய்யேல்லை. இது கல்லு."

"தண்ணி குடிச்சாப் போகாதோ, டொக்டர்?" மனைவி கேட்டாள்.

"அரிசி அளவெண்டாப் போகும், அம்மா. இது புளியங்கொட்டை அளவு. வழியை அடைச்சுக்கொண்டு நிக்குது, சிறுநீரகம் வீங்கிட்டுது. ஒப்பரேஷன்தான். கனக்கப் பிந்தினா அந்தப் பக்கம் பழுதாப்போகும். காய்ச்சல் வந்தா உடன ஓடி வாங்கோ."

ஒப்பரேஷனுக்குத் திகதி கிடைத்ததும் போனில் கோல் எடுப்போம் என்று அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தால் ஊரே டொக்டர். பக்கத்து வளவுக்காரன் ஒரு கட்டுத் தேங்காய்ப்பூக்கீரையோடு வந்தான்.

"அவிச்சுக் குடியுங்கோ அண்ணை. என்ரை மச்சானுக்கு மூண்டாம் நாள் டக்கெண்டு விழுந்தது."

"அது என்ன அளவு?"

"கல்லுத்தானே அண்ணை, அளவென்ன அளவு?"

"உன்ரை தலையளவு! போடா!"

போனான். கீரையை வைத்துவிட்டுப் போனான். மனைவி அவித்தாள். குடித்தேன். எனக்கும் வேறு என்ன வழி?

கல்லு விழுந்தால் பிடிக்கவென்று, தேத்தண்ணி வடிக்கிற பழைய வடி ஒன்றைக் கக்கூசுக்குள் தொங்கவிட்டிருக்கிறாள். அதைப் பிடித்துக்கொண்டுதான் சிறுநீர் கழிக்கிறேன். அவள் கதவுக்கு வெளியே நிற்பாள்.

"இஞ்சேருங்கோ, விழுந்துதோ?"

"புளியங்கொட்டை எண்டு உனக்கும்தானே சொன்னவர்!" என்று கத்துவேன். அடுத்த முறையும் கேட்பாள்.

இன்றும் கேட்டாள். ஓம் என்று ஒரு பொய் சொல்லிவிடலாம் போலிருந்தது. சொல்லவில்லை. வடி வெறுமையாக இருந்தது. வெளியே வந்து போனைப் பார்த்தேன். கோல் ஒன்றும் இல்லை. அவள் மறுபடி கீரை அவித்த தண்ணியால் செம்பை நிரப்பி நீட்டினாள். குடிக்கக் குடிக்க வலி கூடுகிறது.

குடித்தேன்.